கைமாறினால் வளரும் உப்பு

செந்தமிழ் வளர்த்த பிராணிக்குச் சோறு போட வேண்டியதில்லை. தண்ணீர் பட்டால் கரைந்து பாதியாகிவிடும். உள்ளங்கையளவு திரைக்குள், வெள்ளைக் கட்டியாக, நான்கு குட்டைக் கால்களும் உச்சந்தலையில் ஒரே ஒரு கறுப்புக் கண்ணுமாக நின்றுகொண்டிருக்கும். பொத்தானை அமுக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும். அதற்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான். மரக்காணம் உப்பளத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற, பட்டம் வாங்கிய ஒரு பெண்ணுக்கு அந்த வருஷம் முழுக்கப் பேச்சுத் துணை அதுதான் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் யாரும் வந்து பேசிக்கொண்டிருக்கவில்லை.

ஆட்டத்தின் பெயர் ‘க்ரிட்டோரா’. தீவு தீவாகச் சுற்றி விதவிதமான பிராணிகளைப் பிடித்து, பழக்கி, ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். ஏறக்குறைய சேவல் சண்டை. ரத்தமும் போலீசும் கிடையாது, அதுதான் வித்தியாசம். வெளிநாட்டில் பாகம் பாகமாக வந்துகொண்டிருந்ததில் இவளிடம் இருந்தது மூன்றாவது. அதில் நெருப்பு கக்குகிற நாய் உண்டு, இடியை முழுங்குகிற தவளை உண்டு. அவற்றுக்கு நடுவில் ஸால்டிட் என்கிற இந்த வெள்ளைக் கட்டியை யாரும் மதிக்க மாட்டார்கள். எதிரியின் கண்ணில் ஒரு பிடி தூவும். எதிரி கண்ணைக் கசக்கிவிட்டு வந்து ஒரே அடியில் சாய்த்துவிடும். பிடித்த பிராணிக்கு நாமே ஒரு பேர் வைக்கலாம் என்று ஆட்டம் கேட்டபோது செந்தமிழ் யோசிக்கவே இல்லை. ‘உப்பு’ என்று ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டாள்.

அந்த ஆட்டம் ஓடுகிற கேம் பெட்டி அவள் வாங்கியதல்ல. அதையெல்லாம் வாங்குகிற வீடும் அல்ல. ஜுலைகா கொடுத்தது.

இரண்டு பேரும் பாண்டிச்சேரியில் ஒரே கல்லூரியில் பி.சி.ஏ. படித்தார்கள். காலையில் மரக்காணத்தில் ஏறுகிற செந்தமிழ் பக்கத்து சீட்டில் பையைப் போட்டு வைப்பாள். கோட்டக்குப்பத்தில் ஜுலைகா ஏறி, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். கோட்டக்குப்பத்திலிருந்து பாண்டிச்சேரி கூப்பிடு தூரம்; எந்தப் பஸ்ஸில் வேண்டுமானாலும் தொற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஜுலைகா அந்தப் பஸ் வரும்வரை நிற்பாள். எதற்கு நிற்கிறாய் என்று செந்தமிழ் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் நின்றுபோய்விடுமோ என்று ஒரு பயம்.

ஜுலைகாவின் அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது தங்கைகள் இருவருக்கும் ஒரே மாதிரி இரண்டு கேம் பெட்டிகளும், இரண்டையும் சேர்த்து மாட்டுகிற ஒயர் ஒன்றும் வாங்கி வந்தார். கைக்குழந்தையோடு இருந்த அக்கா, எனக்கு எதுக்குடி இந்தக் கிலுகிலுப்பை என்று தன் பங்கைத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டது செந்தமிழ் கைக்கு வந்தது. கல்லூரி கேன்டீனுக்குப் பின்னால் ஒயரை மாட்டிக்கொண்டு இருவரும் நாயைக் கொடுத்துத் தவளையை வாங்கினார்கள், தவளையைக் கொடுத்து வௌவாலை வாங்கினார்கள். கூடப் படித்த பெண்கள் கல்யாண ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பரீட்சைக்கு லீவு விட்ட சமயத்தில்தான் செந்தமிழ் அந்த ஸால்டிட்டைப் பிடித்தாள். ஆட்டத்துக்குள் ஒவ்வொரு பிராணியைப் பற்றியும் ஒரு குறிப்பு இருக்கும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். எத்தனை சண்டை போட்டாலும் ஸால்டிட் தானாக வளராது. நன்றாகப் பழகிய பிறகு அதை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். கைமாறினால்தான் வளரும். வளர்ந்த பிறகு அந்த இன்னொருவர் மனசு வைத்துத் திருப்பிக் கொடுத்தால் உனக்கு, இல்லாவிட்டால் இல்லை. என்ன கேடுகெட்ட விதி என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் ஜுலைகா இருக்கிறாளே.

“பரிச்ச முடியட்டும்டி. நான் எங்க போயிடப் போறேன்” என்றாள் ஜுலைகா.

பரீட்சை முடிந்தது. ஜுலைகா எங்கேயும் போகவில்லைதான். கோட்டக்குப்பத்திலேயே நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. கல்யாணத்துக்குப் போட்ட லீவு தீர்ந்ததும் அவர் விமானம் ஏறிவிட்டார். ஜுலைகா மாமனார் வீட்டு மாடி அறைக்கு ஏறினாள். கேம் பெட்டியும் ஒயரும் அவளோடு போயின. மரக்காணத்துக்கும் கோட்டக்குப்பத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ். அந்த ஒரு பஸ்ஸைத்தான் செந்தமிழால் ஒரு வருஷமாக ஏற முடியவில்லை. வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போய் நிற்க அவளுக்குத் திமிர் இடம் கொடுக்கவில்லை.

அந்த வருஷத்தில் அவள் போன இடமெல்லாம் சென்னைதான். கால்சென்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எவனோ சொல்லக் கேட்டு, விடியற்காலை திண்டிவனம் போய், அங்கிருந்து பஸ் மாறி, கண்ணாடிக் கட்டடத்தின் குளிரில் பல் கிட்டிக்க உட்கார்ந்துவிட்டு வருவாள். அவள் ஆங்கிலத்தில் ‘மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ்’, தாய்மொழி வாடை, இருக்கிறதாம். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மாவின் நாக்கு. செந்தமிழின் அம்மா சுலோசனாவின் நாக்கு நாள் முழுக்க உப்பளத்துக் காற்றில் காய்ந்து வெடித்த நாக்கு. அது யாரையும் இன்ஃப்ளூயன்ஸ் பண்ணி இதுவரை ஒரு ரேஷன் கார்டுகூட வாங்கியது கிடையாது. இதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது மதுராந்தகம் தாண்டித்தான் அந்த வாக்கியம் வந்தது.

வேலையும் இல்லை, உப்பளமும் இல்லை. பாத்தியில் கால் வைத்தால் காலை உடைப்பேன், இதற்கா படிக்க வைத்தேன் என்று அப்பா சடையப்பன் சொல்லியிருந்தார். அவர் பொதுவாகச் சொன்னதைச் செய்யாத ஆள்தான். ஆனால் இதைச் சொல்லும்போது அழுகிற மாதிரி இருந்தார். அதனால் அவள் கால் வைக்கவில்லை. மத்தியானம் இருவருக்கும் சோறு எடுத்துப்போவாள். பாத்திக்கு வெளியே, உப்பு வாருகிற பலகைகளும் கூடைகளும் போட்டு வைக்கிற ஓலைக் கொட்டகையில் உட்காருவாள். வெளியே கண்ணைத் திறக்க முடியாது. வெள்ளைக்கு மேல் வெயில். கொட்டகைக்குள் மட்டும்தான் திரை தெரியும். பெட்டியை எடுத்து ‘டிக்’ சொல்ல வைப்பாள்.

வேலை செய்கிற பெண்கள் தண்ணீர் குடிக்க வருவார்கள். அவர்களில் லூர்துமேரிக்கு வாய் அதிகம். அவள்தான் இவளுக்கு டீச்சரம்மா என்று பேர் வைத்தவள்; டீச்சர் வேலைக்கு இவள் மனுகூடப் போட்டதில்லை.

“டீச்சரம்மா, பொட்டிக்குள்ள இன்னாத்த மேய்க்கிற?”

“உப்பு” என்றாள் செந்தமிழ்.

லூர்துமேரி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டுக்கினீங்களாடி? இங்க வாரி வாரி கையி வெந்து கெடக்குது. இவ பொட்டிக்குள்ள வெதை போட்டு வளக்கிறாளாம்.”

கொட்டகை சிரித்தது. அதில் விஷம் ஒன்றுமில்லை. சிரித்து முடித்ததும் தூக்குவாளியிலிருந்து ஒரு வாய் மோரும் கொடுத்தார்கள். ஆனால் அவள் வருவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த பேச்சு, யாரோ ஒருத்தியின் புருஷனைப் பற்றியது, அவள் உட்கார்ந்ததும் நின்றுபோனது. படித்த பெண்ணுக்கு முன்னால் பேசக்கூடாத பேச்சு என்று ஒன்றை அவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பார்க்கப்போனால் எல்லாப் பேச்சும் அதுதான். கண்ணாடிக் கட்டடத்தில் நாக்கு இந்த ஊர் என்றார்கள். இந்த ஊரில் காது அந்தக் கட்டடம் என்றார்கள். செந்தமிழ் பெட்டிக்குள் குனிந்துகொண்டாள்.

உப்பு நன்றாகப் பழகிவிட்டது. கூப்பிட்டால் முதலில் திரும்புவது அதன் கண்தான். இனி சண்டையால் ஆவது ஒன்றுமில்லை, கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று ஆட்டமே சொல்லிவிட்டது. மாசக்கணக்காக அது அதே குட்டைக் காலோடு காத்துக்கொண்டு நின்றது. கொடுப்பதற்கு உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் காசு போட்டுப் பேசுகிற போன் இருந்தது. ஜுலைகாவின் மாமியார்தான் எடுப்பார். தொழுதுகொண்டிருக்கிறாள் என்பார், படுத்திருக்கிறாள் என்பார், மாடியில் துணி காயப்போடுகிறாள் என்பார். நீ யாரும்மா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பார். கூடப் படித்தவள் என்று செந்தமிழ் சொல்வாள். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரிக் கேட்கத் தொடங்கியது.

சித்திரை வெயிலில் ஒருநாள் ஜுலைகாவே எடுத்தாள். குரல் தாழ்ந்திருந்தது. விசா வந்துவிட்டதாம், வருகிற வாரம் ஷார்ஜா போகிறாளாம். போய்விட்டால் எப்போது திரும்புவாள் என்று தெரியாதாம். செந்தமிழுக்குக் காசு விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

“ஒயரு இருக்குதா?” என்று கேட்டாள்.

 “எந்த ஒயரு? ஓ... அதுவா. இருக்கும்டி. செவ்வாக்கெழம வா.”

செவ்வாய்க்கிழமை சுலோசனா ஒரு மஞ்சள் பையில் உப்பு கட்டிக் கொடுத்தாள். வெளிநாடு போகிற பெண்ணைப் பார்க்க வெறுங்கையோடா போவது என்றாள். உப்பளத்து வீட்டில் வேறு என்ன இருக்கிறது. கல் உப்பு, புதிதாக வாரியது, பொடி இல்லாமல் பொறுக்கியது. செந்தமிழுக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணன் துபாய், புருஷன் ஷார்ஜா, அந்த வீட்டில் உப்புக்கா பஞ்சம். இருந்தாலும் எடுத்துக்கொண்டாள். பஸ் கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது பையைப் பக்கத்து சீட்டில் வைத்திருந்ததைக் கவனித்தாள். ஒரு கிழவர் அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

கதவைத் திறந்தவள் ஜுலைகாதான். இளைத்திருந்தாள், வளையல் மட்டும் பெருத்திருந்தது. சிரித்துக்கொண்டே பையை வாங்க இரண்டு கையையும் நீட்டினாள். செந்தமிழ் பையைக் கையில் கொடுக்காமல் நிலைப்படிக்கு உள்ளே தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பிலேயே பிறந்து வளர்ந்த வீட்டில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கல்லூரி சேர்ந்த புதிதில் இது எந்த சயின்ஸில் இருக்கிறது என்று அவள் அம்மாவோடு ஒரு மூச்சு மல்லுக்கட்டியிருக்கிறாள். சயின்ஸ் வந்து சண்டையைத் தீர்த்து வைக்குமா என்று சுலோசனா கேட்டாள். இவ்வளவு பேசியும் கை மட்டும் அம்மா கட்சியிலேயே இருந்துவிட்டது.

“இன்னும் திருந்தலியாடி நீ?” என்று சொல்லிக்கொண்டே ஜுலைகா குனிந்து பையை எடுத்துக்கொண்டாள்.

மாமியார் கெட்டவர் இல்லை. ரோஸ்மில்க் கொடுத்தார், உட்காரும்மா என்றார், உப்பைப் பிரித்துப் பார்த்து ஊறுகாய்க்கு ஆகும் என்றார். இத்தனை நாள் போனில் கேட்ட குரல் இவ்வளவு சின்ன உடம்பிலிருந்தா வந்தது என்று செந்தமிழுக்கு ஆச்சரியமாக இருந்தது. சாயந்தரம் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், பெட்டி கட்ட வேண்டும், ஜல்தியாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மாடிக்கு அனுப்பி வைத்தார்.

மாடி அறையில் சூட்கேஸ் வாயைப் பிளந்து கிடந்தது. கட்டிலில் ஒருவர் படுத்த மடிப்புதான் இருந்தது. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள்.  கூடப் படித்தவர்களில் யார் யாருக்குக் கல்யாணமாயிற்று என்று ஜுலைகா கேட்டாள். தெரியாது என்றாள் செந்தமிழ். வேலை என்னாயிற்று என்றாள். இல்லை என்றாள். அப்புறம் ஜுலைகா தன் விரல் நகத்தைப் பார்த்தாள். அந்தக் கணத்தில் செந்தமிழ் பையைத் திறந்து பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். பேச்சு போகாத இடத்துக்கு ஒயர் போகும் என்று ஒரு நினைப்பு.

ஜுலைகாவின் பெட்டி பீரோவின் அடியில், கல்யாணப் புடவைக்கும் கீழே இருந்தது. சார்ஜ் சுத்தமாக இல்லை. பிளக்கில் மாட்டி, ஒயரைத் தேடி எடுத்து, இரண்டையும் இணைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு திரையிலும் ஒரு படகுத்துறை வந்தது. அங்கேதான் பிராணிகளை மாற்றிக்கொள்வது வழக்கம். இந்தப் பக்கம் செந்தமிழின் ஆள், சிவப்புத் தொப்பி. அந்தப் பக்கம் ஜுலைகாவின் ஆள், பச்சைத் தொப்பி. இரண்டும் எதிரெதிரே நின்றன. ஜுலைகா கட்டிலில் காலைத் தூக்கிப் போட்டுச் சம்மணமிட்டாள். கேன்டீனுக்குப் பின்னால் உட்கார்ந்த மாதிரியே.

“எங்கடி அது, காட்டு. அய்ய, இதுவா? இந்தக் கட்டிக்கா இவ்ளோ?”

“வளந்தா பாரு.”

உப்பு துறைக்கு வந்து நின்றது. அதன் பக்கத்தில் மூன்று வார்த்தைகள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்தன. கிவ். கீப். லீவ். கிவ் என்பதன் ஓரத்தில் ஒரு உள்ளங்கைமேல் இன்னொரு உள்ளங்கை எதையோ வைக்கிற மாதிரி ஒரு சின்னப் படம். நாயையும் தவளையையும் மாற்றிக்கொண்டபோதெல்லாம் அதைத்தான் அமுக்கினார்கள். மற்ற இரண்டையும் தொட்டதே இல்லை. செந்தமிழின் கட்டைவிரல் கிவ்வுக்குப் போனது.

“இரு இரு” என்றாள் ஜுலைகா. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. “உப்பாச்சே. கைக்குக் கை கொடுக்கலாமா? சண்ட வந்துடப் போவுதுடி. கீழ வையி, நான் எடுத்துக்கிறேன்.”

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். செந்தமிழும் சிரித்துவிட்டு கிவ்வை அமுக்கியிருக்கலாம். வேறு யாரிடமாவது கொடுக்கிறதாயிருந்தால் அமுக்கியும் இருப்பாள். ஆனால் இவள் ஷார்ஜா போகிறாள். இவளோடு ஒரு சண்டை வந்தால் அதைத் தீர்த்துக்கொள்ள இன்னொரு செவ்வாய்க்கிழமை கிடையாது. சயின்ஸ் படித்த செந்தமிழுக்கு அந்த ஒரு நொடியில் தைரியம் போதவில்லை. விரலைக் கீழே இறக்கினாள். லீவ். அந்த வார்த்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் வருஷ இங்கிலீஷ் நோட்ஸில் இருந்தது: மேஜைமேல் புத்தகத்தை லீவ் பண்ணு. அதாவது வை. மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கிய வாக்கியம்.

உப்பை இங்கே லீவ் பண்ணவா என்று ஆட்டம் கேட்டது. ஆமாம், இங்கேதான். தரையில். அவள் எடுத்துக்கொள்வாள். ‘எஸ்’ஸை அமுக்கினாள்.

உப்பு ஒரு தரம் கண்ணைத் திருப்பி சிவப்புத் தொப்பியைப் பார்த்தது. ‘டிக்’ என்றது. பிறகு துறையின் ஓரமாகக் குட்டைக் காலை எடுத்து வைத்து நடந்து, திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. ஜுலைகாவின் திரையில் ஒன்றும் வரவில்லை. உப்பு போய்விட்டது, அதற்கு விடை கொடு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. துறையில் எது நடந்தாலும் ஆட்டம் உடனே தானாகப் பதிந்து வைத்துக்கொள்ளும், யாரும் ஏமாற்றக் கூடாது என்று. அப்படியும் செந்தமிழ் பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். துறை வந்தது. சிவப்புத் தொப்பி மட்டும் நின்றது.

ஜுலைகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடம்பு குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, பஸ்ஸில் சிரிக்கிற சிரிப்பு. ஒரு வருஷமாக அந்தச் சிரிப்புக்காகத்தான் செந்தமிழ் காசு போட்டுக்கொண்டிருந்தாள். வந்தபோது அறைந்த மாதிரி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் ஜுலைகா நிறுத்தினாள்.

“திரும்பி வராதா?”

“வராது.”

“சரி போவட்டும் வுடு. வேற ஒண்ணு புடிச்சிக்கலாம்டி.”

“உனக்கு எல்லாமே வேற ஒண்ணு கெடைக்கும்” என்றாள் செந்தமிழ். “ஒரு வருஷம் ஜுலைகா. நாலு தெரு தள்ளி உங்கம்மா வீட்டுக்குப் போவத் தெரியுது, ஒரு போன் போடத் தெரியல.”

“உங்க வூட்ல போன் எங்கடி இருக்குது?”

அது உண்மை. உண்மையாக இருந்ததால் செந்தமிழுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. எழுத வேண்டியதுதானே என்றாள். வரச்சொல்லி ஆள் அனுப்ப வேண்டியதுதானே என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். சென்னையில் சொல்ல வராத அத்தனையும் இங்கே தமிழில் தடுக்காமல் வந்தது. ஜுலைகா கேட்டுக்கொண்டே சூட்கேஸ் ஓரத்தில் தொங்கிய ஒரு துப்பட்டாவை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

“முடிச்சிட்டியா?” என்றாள் கடைசியில். குரலை உயர்த்தவில்லை, கீழே ஆள் இருக்கிறார்கள். “வந்து உக்காந்ததுலேர்ந்து நீ என்னை ஒண்ணுமே கேக்கலடி. போன்லயும் ஒயரு இருக்குதான்னுதான் கேட்ட. எங்க வூட்டுக்காரரு மொகமே எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, போட்டோவ பாத்துக்குறேன். இந்த ரூமுல நான் யார்கிட்டடி பேசுனேன் இத்தன நாளா? நீ அந்தக் கட்டியையாச்சும் வச்சிருந்த.”

 செந்தமிழ் கட்டிலின் அந்த ஒற்றை மடிப்பைப் பார்த்தாள். இப்போது கேட்கலாம். எப்படி இருக்கிறாய் என்ற இரண்டு வார்த்தைதான். ஆனால் சொல்லிக் கொடுத்த பிறகு கேட்டால் அது கேள்வி இல்லையே என்று ஒரு வீம்பு வந்து குறுக்கே நின்றது. அது விலகுவதற்குள் கீழேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

ஜுலைகா எழுந்தாள். தன் பெட்டியை பிளக்கிலிருந்து பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, இரண்டையும் செந்தமிழ் மடியில் வைத்தாள்.

“எனக்கு வேணாம்” என்றாள் செந்தமிழ்.

“அங்க கொண்டும்போயி நான் இன்னா பண்ணப் போறேன். வச்சிக்க. ரெண்டும் உன் கையில இருந்தா உனக்கு யாரும் வேணாம்ல.”

குத்திச் சொன்னாளா, நல்லதுக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. ஜுலைகாவுக்கே தெரிந்திருக்காது. படியிறங்கும்போது அவள் கை செந்தமிழின் முழங்கையைப் பிடித்திருந்தது. கூடத்தில் ஆட்கள் தெரிந்ததும் விட்டுவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் போம்மா என்று மாமியார் உண்மையாகவே சொன்னார். பஸ் போய்விடும் என்று செந்தமிழ் பொய் சொன்னாள்.

ஷார்ஜாவிலிருந்து ஒன்றும் வரவில்லை. கடிதம் வராது என்று செந்தமிழுக்கும் தெரியும். அவள் மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு போனாள், கொட்டகையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாள் பெட்டியைத் தொடவில்லை. பொட்டியில மழை பெஞ்சிடுச்சா என்று லூர்துமேரி கேட்டாள். ஆமாம் என்றாள். பிறகு ஒருநாள் எடுத்தாள். செய்ய வேறு ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். இரண்டாவது தீவின் வெள்ளைத் திடலில் அலைந்து இன்னொரு ஸால்டிட்டைப் பிடித்தாள். பேர் வைக்கிறாயா என்று ஆட்டம் கேட்டது. வேண்டாம் என்றாள். சண்டைக்கு விட்டாள், அடிவாங்க விட்டாள், தேற்றினாள். உச்சி வெயில் காலம் முழுக்க அதில் போனது. ஆடி மாசத்தில், கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று இதற்கும் ஆட்டம் சொன்னது.

பெண்கள் எல்லாரும் பாத்தியில் இருந்தார்கள். செந்தமிழ் இரண்டு பெட்டிகளையும் முழங்கால்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒயரை மாட்டினாள். வலது பக்கம் சிவப்புத் தொப்பி. இடது பக்கம் பச்சைத் தொப்பி. வலது கையால் கிவ்வை அமுக்கினாள். உள்ளங்கைமேல் உள்ளங்கை. இடது திரை, ஜுலைகா என்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, உனக்கு ஒன்று தருகிறார்கள், வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டது.

இடது கையால் ‘எஸ்’ஸை அமுக்கினாள்.

வெள்ளைக் கட்டி இந்தத் திரையிலிருந்து மறைந்து அந்தத் திரையில் எழுந்தது. நடுங்கியது. கால்கள் நீண்டுகொண்டே போயின, வெடிப்பு விட்டு முதுகு உயர்ந்தது, ஒற்றைக் கண் இரண்டாகப் பிரிந்து முகத்துக்கு இறங்கியது. முழுசாக வளர்ந்து, திரையை அடைத்துக்கொண்டு, பச்சைத் தொப்பியின் பக்கத்தில் போய் நின்றது. அழகாகத்தான் இருந்தது. பார் என்று காட்டுவதற்கு அவள் தலையைத் தூக்கினாள். கொட்டகையில் கூடைகள் கிடந்தன.

இனி இதைத் திருப்பி வாங்க வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் கிவ்வை அமுக்க வேண்டும். ஜுலைகா மனசு வைக்க வேண்டும். செந்தமிழ் ஜுலைகாவின் பொத்தான்மேல் இடது கட்டைவிரலை வைத்தாள். வைத்தபடியே வெகு நேரம் இருந்தாள். ஜுலைகா இருந்தால் கொடுப்பாளா, மாட்டாளா? அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தனக்குத் தெரியாததை அவளுக்குப் பதிலாகத் தான் எப்படிச் செய்வது?

விரலை எடுத்துவிட்டு ஒயரைக் கழற்றினாள். அதற்குப் பிறகு வீட்டில் கரண்ட் வரும்போதெல்லாம் இரண்டு பெட்டிக்கும் சார்ஜ் போட்டு வந்தாள்.